கொப்பிகளைக் கேட்டு ஒரு மடல்

திருகோணமலை மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தவர்களின் குடும்பங்களுக்கு

அன்பான உறவுகளே,

உவர்மலையிலும் உப்புவெளியிலும் இன்னும் குடியிருக்கிற உங்களுக்கும், கொழும்பு, ரொறன்ரோ, லண்டன், மெல்பேர்ண் என்று போய்விட்ட உங்களுக்கும் சேர்த்தே நிலாவெளியிலிருந்து இதை எழுதுகிறேன். உங்கள் அப்பாவோ அம்மாவோ, அப்பப்பாவோ பெரியம்மாவோ இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். சிலர் பெரியாஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டை நடத்தினார்கள். சிலர் ஒரு சின்ன டிஸ்பென்சரியை வைத்துக்கொண்டு, காலையில் அங்கே, பின்னேரம் வீட்டு விறாந்தையில் என்று காலம் கழித்தார்கள். குழந்தை மருத்துவம் தனித் துறை என்றே ஊருக்குத் தெரியாத நாளில் அந்த வேலையைத் தொடங்கியவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் விட்டுச்சென்ற தாள்களையும் பொருட்களையும் எறியாதீர்கள், எரிக்காதீர்கள், பழைய பேப்பர்காரரிடம் நிறுத்துக் கொடுக்காதீர்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நீங்கள் எல்லாவற்றையும் எறிந்துவிடுகிறீர்கள் என்று சொல்லவரவில்லை. பொன்னாடைகளை மடித்து வைத்திருப்பீர்கள். சேவைநலன் பாராட்டு விழாவில் கிடைத்த கேடயம், கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துப்பா, அமைச்சர் ஒருவரோடு நிற்கும் படம், எல்லாம் வரவேற்பறை அலுமாரியில் இருக்கும். போவது மற்றவைதான். கறுப்பு மட்டை போட்ட நிறைக் கொப்பிகள், மருந்து கேட்டு மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களின் கார்பன் பிரதிகள், தாய்மார் பென்சிலால் எழுதி அனுப்பிய துண்டுகள், மருந்துக் கம்பெனி டயரியில் நாள்தோறும் கிறுக்கிய குறிப்புகள். வீட்டைத் துப்புரவாக்கும்போது முதலில் முற்றத்துக்கு வருபவை இவைதான். என் கணிப்பில் இது தலைகீழ். ஊர் அவரை எப்படிப் புகழ்ந்தது என்று பொன்னாடை சொல்லும். அவர் என்ன வேலை செய்தார், எந்த ஊருக்குப் போனார், எந்தப் பிள்ளையை இழந்தார், எதைக் கேட்டுக் கிடைக்காமல் போனது என்பதெல்லாம் கொப்பியில்தான் இருக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் வைக்க இடமிருக்கிறது என்றால் பொன்னாடையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

அந்தக் கொப்பிகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்பீர்கள். இலங்கையின் குழந்தை நல வரலாறு உலகம் வியந்து படிக்கும் வரலாறு. 1935-ல், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஒரு வயதைக் காணாமல் இறந்தன. மலேரியாக் கொள்ளைநோய் நாடு முழுவதும் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோன காலம் அது. 1946-ல் அந்த எண் 141. 1949-ல் 87. இன்று அது பத்துக்கும் கீழே. 1926-ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, வீடு வீடாகப் போன மருத்துவிச்சிகள், இலவசக் கல்வி, இலவச வைத்தியம், டி.டி.ரி. மருந்து தெளிப்பு என்று அதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாம் சரி. ஆனால் இவை நாட்டின் எண்கள். குச்சவெளியில் எந்த ஆண்டிலிருந்து பிள்ளைகளின் இடது விலாவுக்குக் கீழே வீங்கிய மண்ணீரல் கையில் தட்டுப்படாமல் போனது? இறக்கண்டியில் ஆறு மாதக் குழந்தைக்கு என்ன கொடுத்து வளர்த்தார்கள்? ஈச்சிலம்பற்றையிலிருந்து வயிற்றோட்டத்தோடு புறப்பட்ட பிள்ளை எத்தனை மணித்தியாலம் கழித்து ஆஸ்பத்திரிப் படியை மிதித்தது? இந்தக் கேள்விகளுக்குத் தேசியப் புள்ளிவிவரத்தில் பதில் இல்லை. அந்தப் பிள்ளையின் வயிற்றில் கைவைத்துப் பார்த்தவரின் கையெழுத்தில் இருக்கிறது.

மலேரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1963-ல் நாடு முழுவதும் 17 பேருக்கு மட்டுமே அந்தக் காய்ச்சல் என்று பதிவாகியது. ஒழிந்தது என்று கையைக் கழுவினார்கள். 1968, 1969 ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. பிறகு பல பத்தாண்டு உழைத்து, 2016 செப்டெம்பரில்தான் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. வரண்ட வலயமான எங்கள் பகுதியில் இந்த ஏற்ற இறக்கத்தை முதலில் கண்டவர் யார்? வார்டில் காய்ச்சல் பிள்ளைகளின் எண்ணிக்கையை இரவு குறித்துவைத்த டொக்டர்தான். அந்தக் குறிப்பு உங்கள் வீட்டில் இருக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. எங்கள் மாவட்டத்தில் எதை எண்ணினாலும் இனம் இனமாகப் பிரித்துத்தான் எண்ணுகிறார்கள். வாக்கு, காணி, குடிசனம், இடம்பெயர்ந்தோர் எல்லாமே அப்படித்தான். குழந்தை டொக்டரின் வெளிநோயாளர் கொப்பியில் அந்தப் பிரிவு இல்லை. கிண்ணியாப் பிள்ளைக்குப் பிறகு கந்தளாய்ப் பிள்ளை, அதற்குப் பிறகு சாம்பல்தீவுப் பிள்ளை. வந்த ஒழுங்கில் பெயர், வயது, நிறை, காய்ச்சல் எத்தனை நாள். வெளியே என்ன நடந்துகொண்டிருந்தாலும் உள்ளே வரிசை ஒன்றாகத்தான் இருந்தது. மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் பதிவு இந்த மாவட்டத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தத் தாள்களைத் தேடி யாரும் இன்றே உங்கள் கதவைத் தட்டப்போவதில்லை. கேட்பவர்கள் எப்போதும் பிந்தித்தான் வருகிறார்கள். யாழ்ப்பாணத்துக் கதை ஒன்று சொல்கிறேன். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க டொக்டர் 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். வட்டுக்கோட்டையிலும் பிறகு மானிப்பாயிலும் இருந்து வைத்தியம் பார்த்தார். அறுபதுக்கு மேற்பட்டவர்களை டொக்டர்களாகப் பயிற்றினார். பிரசவம், சத்திரசிகிச்சை, உடற்கூறு, இரசாயனம் என்று மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். 1873-ல் ஊர் திரும்பி 1884-ல் மறைந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தன் கல்லறையில் பொறிக்கச் சொன்னவர் அவர். இத்தனையும் நமக்கு எப்படித் தெரியும்? அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை வூஸ்டர் நகரில் இருந்த குடும்பத்தினர் கட்டிவைத்திருந்தார்கள். 1891-ல் அவரது வாழ்க்கையும் கடிதங்களும் ஒரு நூலாக வந்தன. தமிழில் அவரைப் பற்றிக் கவிஞர் அம்பி எழுதிய ‘கிறீனின் அடிச்சுவடு’ 1967-ல்தான் வெளிவந்தது. கிறீன் இறந்து 83 ஆண்டுகளுக்குப் பிறகு. அதுவரைக்கும் தாள்கள் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது.

மேரி இரத்தினம் அம்மையார் கனடாவில் 1873-ல் பிறந்தவர். யாழ்ப்பாணத்துக்கு மிஷன் டொக்டராக 1896-ல் புறப்பட்டு வந்தார். தமிழர் ஒருவரை மணக்கத் தீர்மானித்ததால் மிஷனரிமார் அவரை ஒதுக்கினார்கள். கொழும்புக்குப் போய்ப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தியம் பார்த்தார். லங்கா மகிளா சமிதியை 1930-ல் தொடங்கினார். 1958-ல் மக்சேசே விருது அவருக்குக் கிடைத்தது. 1962-ல் காலமானார். குமாரி ஜயவர்த்தன அவரைப் பற்றிய நூலை வெளியிட்டது 1993-ல். இடையில் 31 ஆண்டுகள். உங்கள் அப்பாவைப் பற்றி எழுதப்போகிறவர் இன்னும் பிறக்காமலும் இருக்கலாம். அதற்காக அவர் வரும்போது வீடு வெறுமையாக இருக்கவேண்டுமா?

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியை உங்களுக்குத் தெரியும். எழும்பூரில் பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்தவர், அவ்வை இல்லத்தையும் அடையாறு புற்றுநோய் நிலையத்தையும் தந்தவர். அவருடைய கடிதங்களும் குறிப்புகளும் புதுதில்லியில், நேரு நினைவு நூலகமாக இருந்த இடத்தில் ஆய்வாளருக்குத் திறந்திருக்கின்றன. சென்னையிலிருந்து வெகுதூரம் என்ற குறை எனக்கு உண்டு. ஆனாலும் இருக்கின்றன. தேவதாசி முறையை ஒழிக்க அவர் உழைத்ததைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தத் தாள்களைத் தேடிப் போகலாம்.

வெளிநாட்டில் இருந்தும் ஒருவரைச் சொல்லவேண்டும். சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை டொக்டர், ஜமேக்காவில் 1893-ல் பிறந்தவர். ஆபிரிக்காவில் கோல்ட் கோஸ்ட்டில், இன்றைய கானாவில், வயிறும் காலும் வீங்கி, தோல் உரிந்து, மயிர் நிறம் மாறிச் செத்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். தம்பியோ தங்கையோ பிறந்ததும் தாய்ப்பால் நின்றுபோன பிள்ளைக்கு வருகிற நோய் இது என்று ஊர்த் தாய்மார் சொன்னதை அவர் அசட்டை செய்யவில்லை. ஊட்டக் குறைவால் வரும் குவாஷியோர்கர் என்ற அந்த நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துச்சொன்ன கட்டுரைகள் 1933-லும் 1935-லும் வந்தன. பிறகு மலாயாவுக்கு வந்தார். 1939-ல் சிங்கப்பூரில் பேசும்போது, குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகத் தகரப்பால் கொடுக்கச்சொல்லி விற்பது கொலை என்று பேச்சின் தலைப்பிலேயே சொன்னார். யுத்தத்தில் ஜப்பானியர் அவரைச் சாங்கிச் சிறையில் அடைத்தார்கள். அந்தச் சிறையிலும் பிறந்த குழந்தைகளைத் தாய்ப்பாலில் காப்பாற்றினார்கள் என்பதை அவர் பின்னாளில் பெருமையோடு சொல்வார். 1992-ல் மறைந்தார். அவரது தாள்கள் லண்டனில் வெல்கம் சேகரிப்பில் இருக்கின்றன. லண்டனில் வாழும் உறவுகளே, ஒரு விடுமுறை நாளில் போய்ப் பாருங்கள். ஒரு குழந்தை டொக்டரின் சொந்தத் தாள்களை ஒரு நாடு எப்படி வைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, உங்கள் வீட்டுக் கராஜில் இருக்கும் அட்டைப்பெட்டியைத் திறவுங்கள்.

எங்களைப்போல யுத்தம் கண்டவர்களுக்கு இன்னும் நெருக்கமானவர் யானுஸ் கோர்ச்சாக். போலந்தின் வார்சோ நகரில் யூதப் பிள்ளைகளின் ஆஸ்பத்திரியில் டொக்டராக இருந்து, பிறகு அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்தியவர். பிள்ளைகளை ஒழுங்காக நிறுத்து, அளந்து, எழுதிவைப்பது அவரது வழக்கம். நாசிகள் யூதர்களை அடைத்துவைத்த கெற்றோவுக்குள்ளும் இல்லம் நடந்தது. 1942-ன் வைகாசியிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை, பசிக்கும் பயத்துக்கும் நடுவே, இரவில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதினார். அந்த ஆவணியிலேயே ஏறக்குறைய 200 பிள்ளைகளோடு திரெப்லிங்காவுக்குக் கொண்டுபோய்க் கொல்லப்பட்டார். அந்த நாட்குறிப்பை நண்பர்கள் வெளியே எடுத்துப்போய், வேறொரு பிள்ளைகள் இல்லத்தின் சுவருக்குள் வைத்துப் பூசி மறைத்தார்கள். யுத்தம் முடிந்தபின் எடுத்தார்கள். 1958-ல் அச்சானது. நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று தெரியாதவர்கள், ஒரு குழந்தை டொக்டரின் கொப்பியைக் காப்பாற்றச் செங்கல் அடுக்கினார்கள். நமக்கு அந்த நெருக்கடி இப்போது இல்லை.

ஆனால் இருந்தது. நமது பக்கத்தில் எவ்வளவு போய்விட்டது என்று உங்களுக்கே தெரியும். 1981 மே 31-ம் திகதி இரவு வைத்த தீயில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் 97,000 நூல்கள், ஏட்டுச்சுவடிகளோடு எரிந்தன. 1983, 1990 என்று வீடுகள் எரிந்தபோது வீட்டுக்குள் இருந்த தாள்களுக்குக் கணக்கெடுத்தவர் இல்லை. முகாமுக்கு ஓடியவர்கள் பிறப்பத்திரமும் காணி உறுதியும் எடுத்தார்கள், அப்பாவின் கொப்பியை எடுக்கவில்லை. அதில் பிழை இல்லை. 2004 டிசம்பர் 26-ம் திகதி நிலாவெளிக் கரையைக் கடல் ஏறி மிதித்தது. கிண்ணியா ஆஸ்பத்திரியைச் சிதைத்தது. ஆஸ்பத்திரிப் பதிவுகள் ஈரத்தில் கூழாகின. ஆகவே இந்த மாவட்டத்தின் குழந்தை மருத்துவ வரலாறு அரச அறைகளில் மிஞ்சியிருப்பது கொஞ்சம். வெளியேறியபோது உங்கள் பெற்றோர் பெட்டியில் போட்டுக்கொண்டு போனதுதான் பெரும்பகுதி. வெளிநாட்டில் இருக்கிற உங்களை நான் முக்கியமாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

யுத்தக் காலத்துத் தாள்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். போலியோ நமது நாட்டில் கடைசியாகப் பதிவானது 1993-ல். 1995-லிருந்து தேசிய நோய்த்தடுப்பு நாட்களில் இரு தரப்பும் துப்பாக்கியைத் தாழ்த்த, பிள்ளைகளின் வாயில் சொட்டு மருந்து விட்டார்கள். அந்த மருந்து வைத்த ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சோதனைச்சாவடி தாண்டிய டொக்டர்களும் மருத்துவிச்சிகளும் கையில் ஒரு அனுமதிக் கடிதம் வைத்திருந்திருப்பார்கள். எந்த மருந்து எவ்வளவு கொண்டுபோகலாம் என்று முத்திரை குத்திய துண்டு, பாதை மூடியதால் வர முடியவில்லை என்று எழுதிய விளக்கம், தோணியில் அனுப்பிய நோயாளியின் விவரம். இவை ஒவ்வொன்றும் ஆவணம். பலர் பயத்தில் கிழித்துவிட்டார்கள். வைத்திருப்பவர்களுக்கு இன்றைக்கும் பயம் இருக்கும். அது நியாயமான பயம், அதை யாரும் ஏளனம் செய்யக்கூடாது. ஆனால் பயத்துக்கு மருந்து நெருப்பு என்று நினைக்காதீர்கள். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு யாரும் திறக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டு ஒப்படைக்கலாம். உலகத்தின் நல்ல ஆவணக் காப்பகங்கள் பல அப்படி வாங்குகின்றன.

நகரத்தில் ஒரு டொக்டரின் வீடு கைமாறியபோது நடந்ததை நான் கண்டேன். குடும்பம் வெளிநாட்டில். வீட்டைத் துப்புரவாக்க வந்தவர்கள் மூன்று அலுமாரியில் இருந்ததைப் பின்வளவில் குவித்துக் கொளுத்தினார்கள். கேட்டதற்கு, பழைய ஆஸ்பத்திரித் தாள்தானே, கிருமி இருக்கும் என்றார்கள். அந்தக் குவியலில் கரிந்த ஓரத்தோடு கிடந்த ஒரு கொப்பியில் குழந்தைகளின் நிறை வரி வரியாக இருந்தது. எந்த ஊர், எந்த ஆண்டு என்று சொல்லும் முதல் பக்கம் போய்விட்டது. அந்தக் குடும்பத்தினர் கெட்டவர்கள் இல்லை. அவர்களிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. அதனால்தான் நான் முன்கூட்டிக் கேட்கிறேன்.

என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். முதலில், எதையும் அடுக்கிச் சீர்ப்படுத்தாதீர்கள். அலுமாரியைத் திறந்ததும் இருந்தபடியே தட்டுத் தட்டாகப் படம் எடுங்கள். எந்தக் கடிதம் எந்தக் கொப்பிக்குள் செருகியிருந்தது என்பதே ஒரு செய்தி. டொக்டர் அதை அங்கே வைத்ததற்குக் காரணம் இருந்திருக்கும். துருப்பிடித்த கிளிப்பையும் குண்டூசியையும் மெதுவாகக் கழற்றுங்கள், றப்பர் பாண்டை வெட்டி எடுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் அது மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். பாசத்தில் லமினேற் செய்து தாளைக் கெடுத்தவர்கள் பலர். லமினேற் செய்ததைத் திரும்பப் பிரிக்க முடியாது. படங்களின் பின்புறம் பேனையால் எழுதவேண்டாம், மென்பென்சிலால் மெல்லென எழுதுங்கள். நிலாவெளியின் உப்புக்காற்றும் ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காலம் தரும் ஈரமும் தாளுக்கு எமன். சுவரோடு ஒட்டி வைக்காமல், நிலத்திலிருந்து உயர்த்தி, காற்றுப் படுகிற இடத்தில், வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பொலித்தீன் பையில் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். கறையான் ஏறுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ஒலிநாடாக்கள் இருந்தால் முதலில் அவற்றைக் கவனியுங்கள். தாளைவிட வேகமாக அழிபவை அவைதான்.

பொருட்களையும் மறக்காதீர்கள். தொங்குதராசு, அதில் குழந்தையைத் தூக்கிய துணித்தூளி, கைச்சுற்றளவு பார்க்கும் மூன்று நிற நாடா, குழாய் தேய்ந்த ஸ்டெதஸ்கோப், ஊசி போடும்போது பிள்ளையின் கண்ணை வேறுபக்கம் திருப்ப மேசையில் வைத்திருந்த தகரப் பொம்மை. ஒவ்வொன்றோடும் ஒரு சிறு தாளில், இது எங்கே வாங்கியது, யார் பாவித்தது, எந்த ஆண்டு வரை என்று எழுதிக் கட்டிவிடுங்கள். பெயர் இல்லாத தராசு வெறும் இரும்பு.

கடிதங்களில் இன்னொரு சங்கதி. டொக்டர் மற்றவர்களுக்கு எழுதிய சொந்தக் கடிதம் அவர் வீட்டில் இருக்காது, அது போய்ச் சேர்ந்தவர் வீட்டில்தான் இருக்கும். கிறீனின் கடிதங்கள் வூஸ்டரில் இருந்து கிடைத்தது அப்படித்தான். ஆகவே உங்கள் அப்பாவோடு படித்த டொக்டர்கள், அவரிடம் பயின்றவர்கள், மாமா, சித்தப்பா வீடுகளிலும் விசாரியுங்கள்.

பிள்ளைகளின் அந்தரங்கத்தைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. கொப்பியில் இருக்கும் பெயர்கள் இன்று அறுபது வயதுக்காரராகவும் இருக்கலாம், இருபத்தைந்து வயதுக்காரராகவும் இருக்கலாம். ஒருவரின் வலிப்பு நோய், ஒரு சிறுமிக்கு வீட்டுக்குள் நடந்த கொடுமை, தாயின் தனிப்பட்ட துயரம், இவை டொக்டரை நம்பிச் சொன்னவை. அவர் இறந்ததால் அந்த நம்பிக்கை முடிந்துபோகவில்லை. நோயாளியின் பெயர் இருக்கும் எந்தப் பக்கத்தையும் முகநூலில் போடாதீர்கள், அப்பாவின் கையெழுத்து அழகாக இருந்தாலும் போடாதீர்கள். 2022-ம் ஆண்டின் 9-ம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது நமது கடமை. அத்தகைய கொப்பிகளைத் தனியாகக் கட்டி, மூடிய ஆவணம் என்று எழுதி ஒப்படையுங்கள். அந்தரங்கத்தைக் காரணம் காட்டி எரித்துவிடுவது மட்டும் சரியல்ல. பெயரை மறைத்து எண்ணைப் படிக்க வழி இருக்கிறது. சாம்பலைப் படிக்க வழி இல்லை.

யாரிடம் கொடுப்பது? கொழும்பில் தேசிய ஆவணக் காப்பகம் 1973-ம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குகிறது. தனியார் தாள்களையும் ஏற்கும். நூலக நிறுவனம் 2005-லிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் காத்துவருகிறது. ஒலி, ஒளி, படம், கடிதம் ஆகியவற்றுக்கும் அவர்களிடம் தனி ஆவணகம் உண்டு. ஆனால் என் விருப்பம் வேறு. எங்கள் நிலாவெளிக் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. சித்த மருத்துவமும் அங்கே கற்பிக்கப்படுகிறது. அந்த வளாக நூலகத்தில் இந்த மாவட்டத்து மருத்துவத் தாள்களுக்கென்று ஈரம் புகாத ஓர் அறை ஒதுக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். அது நடந்தால், பரியாரிமார் வீடுகளில் இருக்கும் பாலவாகட ஏடுகளும் கைப்பிரதிகளும் டொக்டர்களின் கொப்பிகளுக்குப் பக்கத்தில் வந்து சேரலாம். குழந்தைக்கு மாந்தம் என்று பரியாரியார் எழுதியதையும், அதே ஊர்ப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று டொக்டர் எழுதியதையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கிற மாணவர் ஒருவர் அங்கிருந்து வரக்கூடும்.

அறை வரும்வரை காத்திருக்கவேண்டாம். மூலத்தை நீங்களே வைத்திருங்கள், பிரதியைக் கொடுங்கள். கைபேசியில் எடுத்தாலும் நல்ல வெளிச்சத்தில், நிழல் விழாமல், மட்டையிலிருந்து மட்டை வரை ஒரு பக்கமும் விடாமல் எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று இன்னொரு நாட்டில் இருக்கும் சகோதரரிடம், ஒன்று ஒரு நிறுவனத்திடம். கடல் ஒரு கரையில் ஏறினாலும் மற்ற இரண்டும் இருக்கும். காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் நூல்களோடு நாடக நோட்டீசையும் கல்யாண அழைப்பிதழையும்கூடச் சேர்த்தார். 1992-ல் அவர் இறந்தபின் சிக்காகோப் பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று சென்னையில் அது ஒரு பெரிய ஆராய்ச்சி நூலகம். அவரிடம் குளிரூட்டிய அறை இருக்கவில்லை. எதையும் சின்னது என்று எறியாத பழக்கம் இருந்தது.

கடைசியாக, அவசரமான ஒன்று. அந்தக் காலத்து வார்டுகளில் வேலை செய்த தாதியரும் மருத்துவிச்சிகளும் மருந்துக் கலவையாளர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பலருக்கு எண்பது கடந்துவிட்டது. பழைய குழுப்படத்தில் டொக்டருக்கு இடப்பக்கம் நிற்பவர் யார், அந்தக் கட்டிடம் எது, கொப்பியில் சிவப்பு மையால் கோடு போட்டால் என்ன அர்த்தம் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டும்தான். அடுத்த முறை ஊருக்கு வரும்போது படங்களையும் கொப்பிகளையும் எடுத்துக்கொண்டு முதலில் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். வர முடியாதவர்கள் படங்களை அனுப்பிவையுங்கள், ஊரில் இருக்கும் நாங்கள் கொண்டுபோய்க் காட்டிக் கேட்டு எழுதி அனுப்புகிறோம். இந்த வருடமே செய்யுங்கள்.

அன்புடன்,
நிலாவெளியிலிருந்து உங்கள் ஊரவன்